அண்டர்கிரவுண்ட் ஹிப்ஹாப் ஆல்பம்: யார் காசு, யார் சொத்து?

"அண்டர்கிரவுண்ட் ராப்" என்று ஆளுக்கு ஒரு அர்த்தத்தில் பேசுகிறார்கள். ஒருவருக்கு அது யாருக்குமே தெரியாத பாடகர், இன்னொருவருக்கு டிரம்ஸே இல்லாமல் இருட்டாக ஒலிக்கும் பாட்டு, மூன்றாமவருக்குக் கோபமான அரசியல் வரிகள், நான்காமவருக்கு ஓடாத பாட்டுக்கு வைத்த மரியாதையான பெயர். அப்புறம் புது ஆல்பம் ஒன்று வரும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. ஸ்பாட்டிஃபையில் தேடினால் கிடைக்காது. பாடகரின் சொந்தத் தளத்தில் இருக்கிறது, ஆனால் 30 டாலர். சில வாரம் கழித்துப் பார்த்தால், பெரிய அறிவிப்பு எதுவும் இல்லாமல் ஸ்ட்ரீமிங்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது. "என்ன பந்தா இது" என்று எரிச்சல் வருவது நியாயம்தான்.

பந்தா கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பகுதி கணக்கு. ஒரு ஆல்பத்துக்குக் காசு போட்டவர் யார், அந்த ஒலிப்பதிவு யாருடைய சொத்து, அது எந்த வழியாக நம் காதுக்கு வருகிறது, இந்த மூன்றும் தெரிந்தால் அந்த ஆல்பம் ஏன் அப்படி வெளியானது என்பது கிட்டத்தட்ட புரிந்துவிடும். பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பது அதற்குப் பிறகுதான். அமெரிக்க ஹிப்ஹாப்பை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஏற்பாடுகள் எல்லாம் அங்கேதான் முளைத்தன.

மண்டி முன்பணம்

கமிஷன் மண்டியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். விதைப்புக்கு முன்னால் மண்டிக்காரர் விவசாயிக்கு முன்பணம் கொடுக்கிறார். அறுவடையானதும் விளைச்சல் அந்த மண்டிக்குத்தான் போக வேண்டும், விலை அங்கேதான் முடிவாகும், கமிஷனையும் பழைய பாக்கியையும் கழித்துக்கொண்டு மிச்சம் இருந்தால் கைக்கு வரும். அதே விவசாயி யாரிடமும் முன்பணம் வாங்காமல் உழவர் சந்தையில் கடை போட்டால், விற்கும் அளவு குறைவு, அலைச்சல் அதிகம், விடியற்காலையில் மூட்டையோடு பஸ் ஏற வேண்டும். ஆனால் விற்ற காசு அன்றைக்கே அவர் மடியில் இருக்கும்.

யுனிவர்சல், சோனி, வார்னர் என்ற மூன்று பெரிய இசை நிறுவனங்களும் மண்டி மாதிரி. தன் ஆல்பத்தைத் தானே பதிவு செய்து தானே விற்கும் ராப்பர் சந்தையில் கடை போட்டவர் மாதிரி. ஒரே ஒரு வித்தியாசம், அதுதான் இந்தக் கட்டுரையின் மையமே: மண்டியில் எவ்வளவு பாக்கி இருந்தாலும் நிலம் விவசாயி பெயரில்தான் இருக்கும். இசை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் நிலமே எழுதி வாங்கப்பட்டுவிடுகிறது.

அந்த நிலத்துக்குப் பெயர் மாஸ்டர்

ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் உண்டு. வரிகளும் இசையும் சேர்ந்த படைப்பு ஒன்று, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலி இன்னொன்று. அந்த ஒலிப்பதிவின் உரிமையைத்தான் மாஸ்டர் என்கிறார்கள். மாஸ்டர் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஆல்பம் எப்போது வர வேண்டும், எங்கே விற்க வேண்டும், விளம்பரத்துக்குக் கொடுக்கலாமா, கிடப்பில் போடலாமா என்பதை எல்லாம் தீர்மானிப்பார்.

முன்பணத்துக்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாடகருக்குக் கொடுத்த பணத்தை அவருடைய பங்கிலிருந்து மட்டும் கழித்துக்கொண்டே வருவதை ரீகூப் என்பார்கள். கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். முன்பணம் 1,00,000 டாலர், பாடகரின் பங்கு 15 சதவீதம், ஆல்பம் ஈட்டியது 4,00,000 டாலர். பாடகரின் பங்கான 60,000 கைக்கு வராது, முன்பணத்தில் வரவு வைக்கப்படும். இன்னும் 40,000 பாக்கி. நிறுவனம் கொடுத்த 1,00,000 போக 3,00,000 உள்ளே வந்திருக்கிறது, அதில் விளம்பரச் செலவு போகட்டும், ஆனாலும் ஏட்டில் பாடகர் இன்னும் கடன்காரர்தான். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆல்பம் படுத்துவிட்டால் அந்த முன்பணத்தைப் பொதுவாக யாரும் திருப்பிக் கேட்பதில்லை, நஷ்டம் நிறுவனத்துடையது. கையில் காசே இல்லாத இருபது வயதுப் பையனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் கிடப்பில் போடும் அதிகாரம் எப்படி இருக்கும் என்பதற்கு எம்எஃப் டூம் என்ற ராப்பரின் கதையே போதும். டூம் என்ற பெயர் வருவதற்கு முன் அவர் தன் தம்பி டிஜே சப்ராக்குடன் கேஎம்டி என்ற குழுவில் இருந்தார். 1993இல் தம்பி விபத்தில் இறந்தார். அதற்குள் அவர்கள் கிட்டத்தட்ட முடித்திருந்த 'பிளாக் பாஸ்டர்ட்ஸ்' ஆல்பத்தின் அட்டைப்படம் சர்ச்சையாக, எலெக்ட்ரா நிறுவனம் அதை வெளியிடாமல் குழுவையும் கைவிட்டது. சில ஆண்டுகள் அவரைக் காணவில்லை. திரும்பி வந்தபோது முகமூடி இருந்தது, பெரிய நிறுவனம் இல்லை: 1999இல் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே', பாபிட்டோ கார்சியா நடத்திய ஃபாண்டில் எம் என்ற குட்டி லேபிளில், அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனியில். 2004இல் மேட்லிப் என்ற இசையமைப்பாளருடன் செய்த 'மேட்வில்லனி' ஸ்டோன்ஸ் த்ரோ என்ற இன்னொரு சுயாதீன லேபிளில் வந்தது. இன்றைக்கும் புதிதாகக் கேட்க வருபவருக்குப் பலரும் முதலில் நீட்டுவது அந்த ஆல்பத்தைத்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பெரிய நிறுவனம் முன்பணம் தரும், பதிலுக்கு மாஸ்டரை வாங்கிக்கொள்ளும், பாடகர் பங்கு ரீகூப் ஆகும்வரை கைக்கு வராது. அண்டர்கிரவுண்ட் ஆல்பத்தில் பெரும்பாலும் முன்பணம் இல்லை அல்லது ரொம்பக் குறைவு, மாஸ்டர் பாடகரிடமோ அவருக்குத் தெரிந்த சின்ன லேபிளிடமோ இருக்கும்.

கேட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஏர்ல் ஸ்வெட்ஷர்ட் 2018இல் வெளியிட்ட 'சம் ராப் சாங்ஸ்' ஆல்பத்தைக் கேட்டால் யாரோ படுக்கையறையில் பழைய கேசட்டை வைத்துப் பதிவு செய்த மாதிரி இருக்கும், ஒரு பாட்டு இரண்டு நிமிடம் தாண்டினால் அதிசயம். வெளியிட்டது கொலம்பியா, அதாவது சோனி. மறுபக்கம் மேக்லமோரும் ரயன் லூயிஸும் 2012இல் வெளியிட்ட 'தி ஹைஸ்ட்' உலகமெல்லாம் ரேடியோவில் ஓடியது, கிராமி வாங்கியது, ஆனால் அது அவர்களுடைய சொந்த வெளியீடு. கடைகளுக்குக் கொண்டுபோனதும் ரேடியோவில் ஏற உதவியதும் மட்டும் வார்னரைச் சேர்ந்த ஆட்கள்.

அதனால் "சுயாதீனம்", "அண்டர்கிரவுண்ட்" இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. முதலாவது சொத்து யாருடையது என்பதைச் சொல்கிறது. இரண்டாவதில் சொத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ரேடியோ, டிவி, பெரிய விளம்பரம் என்ற வழக்கமான பாதைக்கு வெளியே, ஒரு குறிப்பிட்ட கூட்டத்தை நம்பி வெளியாவது. மேக்லமோர் சுயாதீனம், அண்டர்கிரவுண்ட் இல்லை. ஏர்ல் அந்தக் கூட்டத்தின் செல்லப்பிள்ளை, அந்த ஆல்பத்தில் மட்டும் சுயாதீனம் இல்லை.

எல்லைக்கோடு எப்போதுமே சுத்தமாக இருந்ததும் இல்லை. 90களில் நியூயார்க் அண்டர்கிரவுண்டின் கொடியாக இருந்தது ராக்கஸ் ரெக்கார்ட்ஸ். கம்பெனி ஃப்ளோ என்ற குழுவின் 'ஃபங்க்ரஷர் பிளஸ்' 1997இல் அங்கேதான் வந்தது, அடுத்த ஆண்டு மாஸ் டெஃபும் டாலிப் குவேலியும் சேர்ந்த 'பிளாக் ஸ்டார்' வந்தது. அந்த லேபிளுக்குப் பின்னால் பணம் போட்டவர் ஊடகப் பெருமுதலாளி ரூபர்ட் மர்டாக்கின் மகன் ஜேம்ஸ் மர்டாக். கம்பெனி ஃப்ளோவின் எல்-பி பின்னர் அங்கிருந்து விலகி டெஃப் ஜக்ஸ் என்ற சொந்த லேபிளையே தொடங்கிவிட்டார்.

மிக்ஸ்டேப் வேறு, ஆல்பம் வேறு, ஆனால்

மிக்ஸ்டேப் என்பது முதலில் டிஜேக்கள் தொகுத்த கேசட். பிறகு மற்றவர்களின் பீட் (ராப்புக்கு அடியில் ஓடும் இசை) மேல் ராப் செய்து, உரிமை எதுவும் வாங்காமல், பெயர் பரவ வேண்டும் என்று இலவசமாகவோ தெருவிலோ கொடுப்பது என்றானது. ஆல்பம் என்றால் உரிமைகளை முறைப்படி வாங்கி விற்பனைக்கு வருவது. இந்தப் பிரிவு இப்போது நடைமுறையில் கரைந்துவிட்டது. நிப்ஸி ஹஸல் 2013இல் 'கிரென்ஷா'வை மிக்ஸ்டேப் என்றுதான் அழைத்தார், இணையத்தில் இலவசமாகவும் விட்டார், கூடவே 1,000 சிடி மட்டும் அடித்து ஒன்று 100 டாலர் என்று விற்றார். ராப் நட்சத்திரம் ஜே-ஸி மட்டும் 100 சிடி வாங்கினார். அந்த விலை சிடிக்கு என்று பார்த்தால் கிறுக்குத்தனம். அடுத்த பகுதியைப் படித்த பிறகு அப்படித் தோன்றாது.

ஸ்ட்ரீமிங் காசு எங்கே போகிறது

"நான் அவர் ஆல்பத்தை மட்டும்தானே மாசம் பூரா கேட்டேன், என் சந்தா அவருக்குத்தானே போகும்?" போகாது. பலருக்கு இது அதிர்ச்சியாகவே இருக்கிறது.

ஸ்பாட்டிஃபை மாதிரியான சேவைகள் ஒரு தடவை கேட்டால் இவ்வளவு என்று விலை வைத்துக் கொடுப்பதில்லை. ஒரு மாதத்துச் சந்தாவும் விளம்பர வருமானமும் ஒரு பொதுத் தொகுப்பில் விழுகிறது. சேவை தன் பங்கை, ஏறத்தாழ மூன்றில் ஒன்றை, எடுத்துக்கொள்கிறது. மீதியை, அந்த மாதம் எல்லோரும் கேட்ட மொத்தத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் எவ்வளவு பங்கு என்று பார்த்து மாஸ்டர் வைத்திருப்பவர்களுக்கும் பாட்டு எழுதியவர்கள் தரப்புக்கும் பிரிக்கிறது. ஒருவர் மாதம் முழுக்க ஒரு சின்ன ராப்பரை மட்டும் கேட்டாலும், அவர் கட்டிய பணம் பொதுக் குவியலில் கலந்து, பெரும்பகுதி அந்த மாதம் யார் கோடிக்கணக்கில் ஓடினார்களோ அவர்கள் பக்கம் போய்விடும். போதாக்குறைக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படவில்லை என்றால் அதற்கு ஒலிப்பதிவுப் பங்கே கிடையாது.

கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு 0.3 முதல் 0.5 சென்ட் வரை வருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். இப்போது 500 வினைல் தட்டுகளைத் தலா 30 டாலருக்கு விற்கும் ராப்பரைப் பாருங்கள். 15,000 டாலர். அச்சுச் செலவும் தபாலும் கழிய வேண்டும், சரி, ஆனாலும் அதே 15,000 ஸ்ட்ரீமிங்கில் வர அவருடைய பாட்டுகள் 30 லட்சம் முதல் 50 லட்சம் தடவை ஓட வேண்டும். 500 பேர் எங்கே, 50 லட்சம் தடவை எங்கே.

இந்த இடத்தில் டிஸ்ட்ரிப்யூட்டர் என்ற ஆளையும் தெரிந்துகொள்ளலாம். மாஸ்டரை வாங்காமல், ஆல்பத்தை ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் போன்ற இடங்களில் ஏற்றி, வரும் காசை வசூலித்துக் கொடுப்பவர். டிஸ்ட்ரோகிட் மாதிரி சிலர் ஆண்டுச் சந்தா வாங்குகிறார்கள், சிலர் சதவீதம் எடுக்கிறார்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் இருக்கிறார் என்பதற்காக ஒருவரை "பெரிய கம்பெனியில் சேர்ந்துட்டார்" என்று திட்ட வேண்டியதில்லை.

சுருக்கமாக: ஸ்ட்ரீமிங் பணம் கூட்டத்தின் அளவைப் பொறுத்தது, ரசிகரின் பிரியத்தைப் பொறுத்தது இல்லை. சின்னக் கூட்டம், ஆனால் வெறித்தனமான கூட்டம் வைத்திருப்பவருக்கு அது தோதுப்படாத இடம்.

30 டாலர், 300 டாலர்

அதனால்தான் நேரடி விற்பனை. இது புதிதும் இல்லை, 80களின் தொடக்கத்திலேயே ஓக்லண்டில் டூ ஷார்ட் என்ற ராப்பர் தன் கேசட்டுகளைத் தெருவில் விற்றிருக்கிறார், காரின் டிக்கியைத் திறந்துவைத்து விற்பது அந்தப் பக்கத்தில் ஒரு தொழில்முறையாகவே இருந்தது. டிக்கிக்குப் பதில் இப்போது இணையதளம்.

லாங் ஐலண்டின் ராக் மார்சியானோ 2010இல் வந்த 'மார்க்பெர்க்' ஆல்பத்துக்குத் தானே பீட் செய்து தானே பாடினார், இன்றைய டிரம்ஸ் குறைந்த பாணிக்குப் பலரும் அவரைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். 2018இல் 'ஆர்ஆர்2: தி பிட்டர் டோஸ்' முதலில் அவருடைய சொந்தத் தளத்தில் மட்டும் 30 டாலருக்கு வந்தது, ஸ்ட்ரீமிங் பிறகுதான். நியூ ஜெர்சியைச் சேர்ந்த மாக்-ஹோமி இன்னும் ஒரு படி மேலே போய் 2016இல் ஒரு ஆல்பத்துக்கு 300 டாலர் விலை வைத்தார். கேலி செய்தவர்கள் உண்டு. வாங்கியவர்களும் உண்டு. எனக்கு அந்த விலை அதிகமாகத்தான் படுகிறது, ஆனால் ஓவியத்துக்கு யாரும் "எம்பி3 இலவசமா கிடைக்குமே" என்று கேட்பதில்லை என்பதையும் மறுக்க முடியவில்லை.

எனக்கு இந்த வரிசையில் மனசுக்கு நெருக்கமானவர் கா (Ka) என்ற ராப்பர். ப்ரூக்ளினின் பிரவுன்ஸ்வில் பகுதிக்காரர், நியூயார்க் தீயணைப்புத் துறையில் கேப்டனாக இருந்தவர். வீட்டுச் செலவுக்கு அந்தச் சம்பளம் இருந்ததால் ராப்பில் யாருடைய முன்பணமும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஆல்பத்துக்கான காசைத் தானே போட்டார், பல பீட்டுகளையும் தானே செய்தார், தன் தளத்தில் விற்றார், தெருவோரத்தில் நின்று தன் கையாலேயே வாங்க வந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். 2024 ஆகஸ்டில் 'தி தீஃப் நெக்ஸ்ட் டு ஜீசஸ்' வந்தது, அதே ஆண்டு அக்டோபரில் 52 வயதில் இறந்துவிட்டார்.

சொந்தமாகத் தளம் வைக்க முடியாதவர்களுக்கு பேண்ட்கேம்ப் இருக்கிறது. 2008இல் தொடங்கிய இந்த இணையக் கடை, டிஜிட்டல் ஆல்பம் விற்றால் 15 சதவீதமும் வினைல், டீ-ஷர்ட் மாதிரி பொருளுக்கு 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது, பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. 2020 மார்ச்சில், கொரோனாவால் கச்சேரிகள் நின்றபோது, குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் வழக்கத்தை ஆரம்பித்தது. அந்த வெள்ளிகளில் இந்தக் கூட்டத்திலிருந்து ஆல்பங்கள் குவிவது தற்செயல் இல்லை.

சில ஆல்பங்கள் ஏன் ஸ்ட்ரீமிங்குக்கே வருவதில்லை

பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதுப் பாட்டில் சேர்ப்பது சாம்பிள். முறைப்படி செய்ய வேண்டுமானால் அந்தப் பழைய பாட்டின் இரண்டு உரிமைகளுக்கும், அதாவது படைப்புக்கும் மாஸ்டருக்கும், தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். இதற்குச் சாம்பிள் கிளியரன்ஸ் என்று பெயர். 1991இல் அனுமதி வாங்காத சாம்பிளுக்காக ராப்பர் பிஸ் மார்க்கி மேல் வந்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு இது விளையாட்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 2005இல் இன்னொரு அமெரிக்க நீதிமன்றம், ஒலிப்பதிவில் எவ்வளவு சின்னத் துண்டானாலும் அனுமதி வேண்டும் என்கிற அளவுக்குப் போனது.

பெரிய நிறுவனத்துக்கு இதற்கென்று வக்கீல்கள் இருக்கிறார்கள். 500 தட்டு விற்பவருக்கு அனுமதிச் செலவே ஆல்பத்தின் மொத்த வருமானத்தைத் தாண்டிவிடும். அதனால் சிலர் அனுமதி வாங்காமல் கொஞ்சமாக அச்சடித்து விற்றுவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். சட்டம் அதற்கு விலக்கு எதுவும் தரவில்லை, கண்ணில் படாது என்ற நம்பிக்கைதான். ஸ்ட்ரீமிங்கில் ஏற்றினால் கண்ணில் பட்டுவிடும். பெரிய பெயர்களுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது: டி லா சோலின் 1989ஆம் ஆண்டு ஆல்பம் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது 2023 மார்ச் 3இல். பழைய சாம்பிள் ஒப்பந்தங்களில் இணையம் என்ற விஷயமே எழுதப்பட்டிருக்கவில்லை. குழுவில் ஒருவரான டேவ் அதற்குச் சில வாரம் முன்பு காலமாகிவிட்டார்.

வருடத்துக்கு நாலு ஆல்பம், வராத வினைல்

டெட்ராய்ட்டின் போல்டி ஜேம்ஸ் 2020இல் மட்டும் நான்கு ஆல்பம் வெளியிட்டார். பெரிய நிறுவனத்தில் இருந்தால் முதல் சிங்கிள், ரேடியோ, மற்ற பாடகர்களின் தேதி என்று ஒரு நாட்காட்டி இருக்கும். இங்கே முடித்ததும் வெளியிடலாம். நான்கும் ஒவ்வொரு தயாரிப்பாளரோடு (ஹிப்ஹாப்பில் இவர் காசு போடுபவர் இல்லை, பீட் செய்பவர்) முழு ஆல்பமாகச் செய்தவை என்பதையும் கவனியுங்கள், ஆல்கெமிஸ்டுடன் செய்த 'தி ப்ரைஸ் ஆஃப் டீ இன் சைனா' அதில் ஒன்று. ஒரு ராப்பர், ஒரு தயாரிப்பாளர் என்ற இந்த அமைப்பு அண்டர்கிரவுண்டில் இவ்வளவு பரவலாக இருப்பதற்கு ரசனை ஒரு காரணம் என்றால், பங்கு பிரிப்பது சுலபம் என்பது இன்னொரு காரணம். பத்துத் தயாரிப்பாளர் என்றால் பத்து ஒப்பந்தம்.

பாட்டு வேகமாக வருகிறது, தட்டு வராது. வினைல் அச்சடிக்க முதலில் பாட்டைக் கீறி எடுக்கும் மென்பூச்சுத் தட்டு ஒன்று வேண்டும், அதைத் தயாரித்த உலகின் இரண்டு முக்கிய ஆலைகளில் ஒன்றான கலிபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது, மற்றது ஜப்பானில். கூடவே கொரோனா காலத்தில் வினைல் மோகம் ஏறியது. சின்ன ஆர்டர் வரிசையில் பின்னால் நிற்கும். முன்பதிவு செய்து பல மாதம் காத்திருந்து கடுப்பாகிறவர்கள் ராப்பரைத் திட்டுகிறார்கள், பாவம், பல நேரம் அவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்.

புது ஆல்பம் வந்தால் எங்கே பார்ப்பது

ஸ்ட்ரீமிங் செயலியில் ஆல்பம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், வட்டத்துக்குள் 'பி' என்ற ஆங்கில எழுத்தும் ஆண்டும் ஒரு பெயரும் இருக்கும். பொதுவாக அந்தப் பெயர்தான் மாஸ்டர் உரிமைக்காரர். பில்லி வுட்ஸ் 2025 மே மாதம் வெளியிட்ட 'கோலிவாக்' போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டால், அதை வெளியிட்ட பேக்வுட்ஸ் ஸ்டூடியோஸ் அவரே தொடங்கிய லேபிள், அதாவது கடையும் நிலமும் ஒரே ஆளுடையது. சில ஆல்பங்களில் பாடகரின் சொந்தக் கம்பெனி பெயரும், பின்னாலேயே இன்ன நிறுவனத்துக்கு எக்ஸ்க்ளூசிவ் லைசென்ஸ் என்றும் எழுதியிருக்கும். மாஸ்டரை விற்கவில்லை, குறிப்பிட்ட காலத்துக்கு குத்தகைக்கு விட்டிருக்கிறார் என்று அர்த்தம். எத்தனை வருடக் குத்தகை என்பது மட்டும் அந்த வரியில் இருக்காது.